பால் ஆறிடப் போகுது

கதவைத் திறக்கும்போதே வாயை மூடிக்கொள்ள வசுமதி பழகிவிட்டாள். மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரம்மாவிடம் மோட்டார் போட்டாச்சா என்று கேட்டதுதான் இன்றைக்குக் கடைசிப் பேச்சு. பூட்டில் சாவி திரும்பியதும் குரல் தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். நாளைக் காலையில் வேலைக்குக் கிளம்பி இதே படியில் இறங்கும்போதுதான் இனி வெளியே வரும். செருப்பை வாசலில் விட்டு, கைப்பையைச் சத்தம் வராமல் ஆணியில் மாட்டி, ஒரு கையால் மறு கையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். வளையல் இல்லை. கழற்றி வைத்து எத்தனையோ மாதம் ஆகிறது, ஆனாலும் தடவிப் பார்க்காமல் உள்ளே போக முடியவில்லை. ஏழு மணி சீரியலில் ரேணுகாதேவி ஓர் அறைக்குள் வருவதற்கு முன்னால் அவள் வளையல் சத்தம்தான் முதலில் வரும். அதைக் கேட்டால் உள்ளே படுத்திருக்கிற அம்மா போர்வைக்குள் சுருண்டுகொள்வாள். ஸ்டூடியோவில் யாரோ ஒரு பையில் நாலு வளையலைப் போட்டுக் குலுக்கி எடுத்த சத்தம் அது. அதற்குப் பயந்து சாலிகிராமத்தில் ஒருத்தி தன் சொந்த வீட்டுக்குள் மூளிக் கையோடு நுழைகிறாள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். வேறு யாருக்காவது நடந்திருந்தால் வசுமதியும் சிரித்திருப்பாள்.

பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பரிமளா சமையலறை வாசலில் புடவையைச் சரிசெய்துகொண்டு கிளம்பத் தயாராக நின்றாள். உள் அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, விளம்பரம். பரிமளா கிசுகிசுத்தாள். “காலைலேருந்து ரெண்டு ஸ்பூன்தாங்க்கா உள்ள போச்சு. மிச்சத்தைத் துப்பிருச்சு பெரியம்மா. டாக்டர் போன் பண்ணாரு. இன்னிக்கும் சாப்பிடலைன்னா நாளைக்குக் கூட்டியாந்துருங்க, மூக்கு வழியா குழாய் போட்டுரலாம்னுட்டாரு.” ஏன் என்று வசுமதி கையைத் திருப்பிக் கேட்டாள். பரிமளாவோடு பேசலாம், தடையொன்றும் இல்லை, ஆனால் அம்மாவுக்குக் கண் போன பிறகு காது பாம்புக் காதாகிவிட்டது. “பொண்ணைக் காணோம்னு ஒரே அழுகை. ரேணுகா அவளை என்னமோ பண்ணிட்டாளாம். வசு அக்கா வேலைக்குப் போயிருக்கு, வரும்னு சொல்லிப் பாத்துட்டேன். நீயும் அவ ஆளுதானான்னு என்னையே கேக்குது. தப்பா எடுத்துக்காதீங்க, நான் வர்றேங்க்கா.” அவள் போன பிறகு வசுமதி அடுப்படியில் கஞ்சியை எடுத்துக்கொண்டு நின்றாள். குழாய். சின்ன மாமாவுக்குப் போட்டிருந்தார்களே, கடைசியில், கையிரண்டையும் கட்டிலில் கட்டி வைத்திருந்தார்களே, பிடுங்கிவிடுகிறார் என்று. அம்மாவும் பிடுங்குவாள். அம்மாவின் கையையும் கட்டுவார்கள். அவள் கையில் இப்போது என்ன இருக்கிறது, தோலும் நரம்பும், அதைத் துணியால் கட்டினால் கன்றிப் போகாதா, மெத்தென்ற துணியாகக் கட்டுவார்களா, கேட்கலாமா, இதையெல்லாம் டாக்டரிடம் எப்படிக் கேட்பது. கஞ்சிக்கு உப்புப் போட்டாளா பரிமளா? நாக்கில் தொட்டுப் பார்த்தாள். போட்டிருந்தாள்.

அறைக்குள் போய்க் கட்டிலோரம் முக்காலியில் உட்கார்ந்தபோது சீரியல் திரும்பத் தொடங்கியிருந்தது. அம்மா சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள், முகம் டிவியின் பக்கம். சர்க்கரை கண்ணை முழுதாகத் தின்றுவிட்டது, அதற்குப் பிறகு ஞாபகத்தைத் தின்ன ஆரம்பித்தது. டிவியை நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்தினால் இன்னும் மோசம். பெட்டிக்குள் இருக்கும் வரைக்கும் ரேணுகாதேவி பெட்டிக்குள் இருக்கிறாள், சத்தம் நின்றால் இறங்கி வீட்டுக்குள் வந்துவிட்டாள் என்று அம்மா அலறுவாள். அதனால் அது ஓட வேண்டும். தினமும் அரை மணி நேரம் இந்த அறையில் வசுமதியின் குரல் சுவரில் மோதிப் பேசும், வசுமதி பேசாமல் இருப்பாள். ரேணுகாதேவியின் முகம் மங்களூர்ப் பெண் ஒருத்தியுடையது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் வராது, தனக்குத் தெரிந்த பாஷையில் உதட்டை அசைத்துவிட்டு விமானம் ஏறிவிடுவாள். குரல், டப்பிங் பேசுகிற வசுமதியுடையது. அந்தப் பெண் எந்தப் போட்டோ போட்டாலும் கீழே ஜனங்கள் வந்து கரித்துக்கொட்டுவார்கள், நீ விளங்கமாட்டே, உன் வயித்துல புழு பூச்சி வைக்காது என்று. அதே ஜனங்கள் நகைக்கடை திறப்புவிழாவில் அவளோடு செல்பி எடுக்க ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொள்வார்கள். முகத்துக்கு வசவும் உண்டு, பூச்செண்டும் உண்டு. குரலுக்குப் பூச்செண்டு கொடுக்க யாருக்குத் தோன்றும்? போனில் பேசிக்கொண்டே ஆட்டோவில் போனால் டிரைவர் கண்ணாடியைத் திருப்புவார். கீரைக்காரம்மா ஒருநாள், “ஒன் கொரலைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது தாயி” என்றாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கீரைக்கட்டை நீட்டிய கையில் வைக்காமல் பைக்குள் போட்டாள். அன்றைக்கு அது வசுமதிக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

அம்மா அப்போது அம்மாவாக இருந்தாள். கண் மட்டும் இல்லை. மன்னார்குடியில் இருக்கிற ஒன்றுவிட்ட அக்கா தங்கைகளுக்கெல்லாம் போன் போட்டு, “ஏழு மணிக்குப் பாரு, அது என் பொண்ணு பேசுறது” என்பாள். சீரியல் ஓடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, “இவ நாசமாப் போவ, நாக்கு அழுகிப் போவ” என்று திட்டுவாள், விளம்பரம் வந்ததும் திரும்பி, “நல்லாப் பேசுறடி வசு, எனக்கே வயிறு எரியுது” என்பாள். ஒரே குரல்தான், ஆனால் அம்மாவின் மனசுக்குள் அதற்கு இரண்டு வீடு இருந்தது. நடுவில் ஒரு சுவர் இருந்தது. ஒன்றில் ரேணுகாதேவி, ஒன்றில் வசு. அந்தச் சுவர் ஒருநாள் இடிந்துபோகும் என்று யார் நினைத்தார்கள்? இடிந்தாலும், இரண்டு பேரும் ஒருத்திதான் என்று அம்மாவுக்குத் தெளிந்திருந்தால் பரவாயில்லை. ஒருத்திதான் மிஞ்சினாள். அது வசுவாக இருந்திருக்கக் கூடாதா? பெற்று வளர்த்து, தலைவாரி, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததெல்லாம் கரைந்துபோய், வாரத்தில் ஆறு நாள் அரை மணி நேரம் வந்து போனவள் மிஞ்சினாள். வசுமதி கரண்டியில் கஞ்சியை எடுத்து அம்மாவின் உதட்டருகே கொண்டுபோனாள். உதடு இறுகிக்கொண்டது. கரண்டியைத் திரும்பக் கிண்ணத்தில் வைத்தாள்.

பால் ஆறிடப் போகுது. அதில்தான் வந்து இடிக்கிறது, எங்கே சுற்றினாலும். மாமியாருக்கு விஷம் கலந்த பாலைக் கொடுக்கிற காட்சி. பேப்பரில் இருந்தது ‘பாலைக் குடிங்க அத்தை’ என்ற மூன்று வார்த்தைதான். கண்ணாடிக்குப் பின்னால், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசிப் பார்த்தால் வார்த்தை முடிந்துவிட்டது, அந்த மங்களூர்ப் பெண்ணின் உதடு இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. என்ன சொன்னாளோ அவள் பாஷையில். உதடு மிச்சம் இருந்தால் எதையாவது போட்டு ரொப்ப வேண்டும், அதுதான் தொழில். யோசிக்க நேரம் ஏது? வாயில் வந்ததைப் போட்டாள். “பால் ஆறிடப் போகுது அத்தை, ஒரு வாய் குடிச்சிடுங்க, என் கண்ணுல்ல.” உதட்டில் அப்படியே ஒட்டிக்கொண்டது. வெளியே உட்கார்ந்திருந்தவர் மைக்கில், “ஐயோ மேடம், இதுதான், இவ்வளவு அன்பா சொன்னாத்தான் குலை நடுங்குது” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். வாயில் வந்தது எங்கிருந்து வந்தது என்று அப்போது வசுமதி நினைத்துப் பார்க்கவில்லை. முந்தின நாள் இருட்டும் நேரத்தில் இதே முக்காலியில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னது அது. அதற்கும் முந்தின நாள் சொன்னது. கண் போய்ச் சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்ட அம்மாவைக் கெஞ்சிக் கெஞ்சி, பால் ஆறிடப் போகுதும்மா, ஒரு வாய் குடிச்சிடு, என் கண்ணுல்ல என்று. அந்த ‘கண்ணுல்ல’வில் ஒரு இழுப்பு இருக்கும், அது அம்மாவே வசுமதிக்குச் சின்ன வயசில் சோறு ஊட்டும்போது இழுக்கிற இழுப்பு. அதைக் கொண்டுபோய்க் கொலைகாரியின் வாயில் வைத்தாள். கையில் இருந்ததைத்தானே வைக்க முடியும்? வேறு அன்பு எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஊரே பயந்தது.

அந்தக் காட்சி வந்த அன்றோ, அதற்கு மறுநாளோ, வசுமதி பால் டம்ளரோடு இந்த அறைக்குள் வந்து வழக்கம்போலச் சொன்னாள். அம்மா டம்ளரைத் தட்டிவிட்டாள். பால் கட்டிலெல்லாம் கொட்டியது. சுவரோடு ஒட்டிக்கொண்டு, “வசூ, வசூ, இங்க வாடி, இவ வந்துட்டா” என்று மகளைக் கூப்பிட்டாள். “நான்தாம்மா வசு” என்று சொல்லச் சொல்ல அலறல் கூடியது. அதற்கப்புறம் பாலே தொடுவதில்லை. வசுமதி செய்யாத வேலை இல்லை. குரலை மாற்றுவதுதானே பிழைப்பு. குழந்தை மாதிரிப் பேசிப் பார்த்தாள், யார் வீட்டுப் புள்ளை என்று கேட்டாள் அம்மா. கல்லூரி நாளில் தனக்கு இருந்த குரலை ஞாபகப்படுத்தித் தேடிப் பிடித்துப் பேசினாள். அம்மா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “என் பொண்ணு மாதிரியே பேசுறியா? நீ இதுவும் செய்வே” என்றாள். சீரியலில் ரேணுகாதேவி அதற்கு முந்தின வாரம்தான் போனில் பூங்கொடி மாதிரிப் பேசி ஏமாற்றியிருந்தாள். கதாநாயகி பூங்கொடிக்குக் குரல் கொடுக்கிற கோகிலாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டு, அவளைப் போனில் ‘அம்மா நான் வசு’ என்று சொல்ல வைத்தாள். அம்மா ஆசையாகப் போனைத் தடவிக்கொண்டே, “பூங்கொடிக் கண்ணு, நீ பத்திரமா இருக்கியா? என் பொண்ணை எங்கயாவது பாத்தியா?” என்று கேட்டாள். கோகிலா அந்தப் பக்கம் அழுதுவிட்டாள். நிஜமாகவே அழுதாளா, தொழில் பழக்கமா என்று வசுமதி அப்போதும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது வேறு. நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று அன்றைக்குத் தோன்றியது. பரிமளாதான் கடைசியில் வழி கண்டுபிடித்தாள். பெரியம்மாவிடம், சாயந்திரத்துக்கு வேறொரு பொண்ணு வரும், பாவம், அதுக்குப் பேச்சு வராது என்று சொல்லி வைத்தாள். அன்றிலிருந்து வசுமதி இந்த வீட்டின் ஊமை.

ரேணுகாதேவிக்குப் பேசுவதை விட்டுவிடலாம் என்று ஸ்டூடியோவில் கேட்டும் பார்த்தாயிற்று. நடிக்கிறவர்கள் மாறினால் இனி இவருக்குப் பதில் இவர் என்று எழுதிக் காட்டுவார்கள், ஜனங்களும் ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டுச் சரியாகிவிடுவார்கள். குரலை மாற்ற முடியாது என்றார்கள், அந்தக் குரல்தானே மேடம் ரேட்டிங், அதைக் கேட்டுத் திட்டத்தானே உட்காருகிறார்கள் என்றார்கள். மாற்றித்தான் என்ன? அம்மாவின் காதுக்குள் போய் உட்கார்ந்ததை யார் எழுப்பி வெளியே அனுப்புவது? “ஊமைப் பொண்ணு வந்துட்டியா?” என்று அம்மா கேட்டாள். கையை நீட்டினாள். வசுமதி தன் கையை அதில் வைத்தாள். தினமும் இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் படியேறி வருகிறாள். அம்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவுவாள், மணிக்கட்டைப் பிடிப்பாள், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இந்தக் கை யாருடையது என்று கைக்காவது தெரிந்துவிடாதா? “உன் கை சில்லுன்னு இருக்கு” என்றாள் அம்மா. “என் பொண்ணு கையும் இப்படித்தான் இருக்கும். எந்த வெயில்லயும் சில்லுன்னு இருக்கும்.” வசுமதி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் கட்டைவிரல் அவள் உள்ளங்கையில் நின்றது. இப்போது. இப்போது சொல்லிவிடு அம்மா. விரல் கொஞ்ச நேரம் அங்கேயே யோசித்தது, பிறகு நகர்ந்து போர்வையைப் பிடித்துக்கொண்டது.

டிவியில் வளையல் சத்தம் வந்தது. அம்மாவின் உடம்பு முழுக்க இறுகியது. இன்றைய காட்சி என்ன என்று வசுமதிக்குத் தெரியும், போன வாரம் பேசியதுதான், பூங்கொடியை மாடி அறையில் பூட்டிவிட்டு ரேணுகாதேவி கதவுக்கு வெளியே நின்று பேசுவது. “கத்து. நல்லாக் கத்து” என்றது வசுமதியின் குரல், நிதானமாக, ஒரு சின்னச் சிரிப்போடு. “உன் குரல் இந்த வீட்டுல யாருக்கும் கேக்காது.” அந்தச் சிரிப்புக்காக மூன்று முறை திரும்ப எடுத்தார்கள். முதல் தடவை கொஞ்சம் சோர்வாக வந்துவிட்டது. அதைப் பேசும்போது மத்தியானச் சாப்பாட்டைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், ரசமா, மோர்க்குழம்பா. இப்போது அதே குரல் கட்டிலைச் சுற்றி வருகிறது. இத்தனை வருஷத்தில் வசுமதி யாரிடமும் இவ்வளவு திடமாகப் பேசியதில்லை. வீட்டுக்காரர் விட்டுப் போனபோதும் பேசவில்லை. இந்த வீட்டுக்குள் வாய் திறந்து பேச உரிமை உள்ளவள் ரேணுகாதேவி ஒருத்திதான், இல்லாதவள் வசுமதி. அம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள், பொத்திக்கொண்டே விரல் இடுக்கில் கேட்டாள், என்ன ஆகிறது என்று தெரியவேண்டுமே. வசுமதி அவள் முதுகைத் தடவினாள். உன்னைப் பயமுறுத்துகிறவளும் நான்தான், முதுகைத் தடவுகிறவளும் நான்தான், எவ்வளவு தடவினால் இது சரியாகும் அம்மா?

விளம்பரம் வந்தது. அம்மா காதிலிருந்து கையை எடுத்தாள். “இங்க வா” என்றாள், ரகசியமாக. “கிட்ட வா. அவ காதுல விழுந்துரும்.”

வசுமதி குனிந்தாள். அம்மாவின் மூச்சில் பசியின் வாடை அடித்தது.

“நீ வெளிய போய் வர்றவதானே. வடபழனி பக்கம் ஒரு ஸ்டூடியோ இருக்கு. அங்க என் பொண்ணு வேலை பாக்கறா. வசுமதின்னு பேரு. நான் என்னமோ அவளை இவ கொன்னுட்டான்னு பயந்துக்கிட்டு இருந்தேன். இல்லை. இப்பத்தான் புரியுது. பூங்கொடியைப் பூட்டி வச்ச மாதிரி என்னைப் பூட்டி வச்சிருக்கா, அவளை வரவழைக்க. அம்மான்னு ஓடி வந்துரும் அது. புத்தியே கிடையாது.” அம்மா வாயைத் துடைத்துக்கொண்டாள். “நீ அவளைப் பாத்து, அம்மா நல்லாருக்கேன்னு சொல்லு. இந்த வீட்டுப் பக்கம் வந்துராதன்னு சொல்லு. நான் செத்துட்டேன்னு யாராவது வந்து சொன்னாலும் நம்பாத, வராதன்னு சொல்லு. இவ இருக்கற வீட்டுல என் புள்ளை காலை வைக்கக் கூடாது.”

டிவியில் யாரோ சோப்பைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“ஐயோ, உனக்குத்தான் பேச்சு வராதே” என்றாள் அம்மா. “எழுதியாவது காட்டு. காட்டுவியா? தலையை ஆட்டு, பாப்போம்.” இருட்டில் தேடுகிற கை வசுமதியின் தலைமேல் வந்து உட்கார்ந்தது.

சொல்லிவிடலாம். இப்போது வாயைத் திறந்து, அம்மா நான் வந்துட்டேன், நான் தினமும் இங்கதான் இருக்கேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அந்தக் கை என்ன செய்யும் என்று வசுமதிக்குத் தெரியும். இத்தனை மாதத்தில் தலையில் கை வைத்தது இன்றைக்குத்தான். எண்ணெய் வைக்கிறபோது அழுத்துகிற மாதிரியே அழுத்துகிறது. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும். அந்தக் கைக்கு அடியில் அவள் தலையை ஆட்டினாள். நான் அவளிடம் சொல்லிவிடுகிறேன், வரவேண்டாம் என்று. “சத்தியமா?” என்றாள் அம்மா. மறுபடியும் ஆட்டினாள். கண்ணீர் மூக்கு நுனியில் வந்து நின்றது, அதை உறிஞ்சினால் சத்தம் வரும், அந்தச் சத்தமும் அம்மாவுக்குத் தெரிந்த சத்தம்தான், ஒவ்வொரு வாரமும் பொய்யாக உறிஞ்சி உறிஞ்சிப் பதிவு செய்தது. உறிஞ்சாமல் விட்டாள், அது தன்பாட்டுக்குச் சொட்டியது.

அம்மா நீளமாக மூச்சு விட்டாள். தோள் இறங்கியது. நாளெல்லாம் இறுகியிருந்த முகம் மெல்லத் தளர்ந்து, மன்னார்குடி வீட்டில் பந்தி முடிந்து கடைசியாக வந்து உட்காருகிறவளின் முகமானது. “அப்பாடா” என்றாள். “பசிக்குதுடி. பால் இருந்தா ஒரு வாய் குடேன்.”

வசுமதி எழுந்து சமையலறைக்குப் போனாள். பாலைக் காய்ச்சி, டம்ளருக்கும் டவராவுக்கும் மாற்றி மாற்றி ஆற்றினாள். உள்ளே சீரியல் மறுபடியும் தொடங்கிவிட்டது, அவள் குரல் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகள்தான் தப்பித்துவிட்டாளே. டம்ளரைக் கொண்டுவந்து முக்காலியில் உட்கார்ந்தபோது அந்த வார்த்தை தானாகக் கிளம்பித் தொண்டைக்குழி வரை வந்தது, இழுப்போடு. பல்லைக் கடித்துக்கொண்டு டம்ளரை அம்மாவின் உதட்டில் வைத்தாள். அம்மா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

“மறக்காம சொல்லிடு என்ன, வரவேணாம்னு” என்றாள், கண்ணை மூடிக்கொண்டு.

வசுமதி தலையை ஆட்டினாள். கை இப்போது தலைமேல் இல்லாததால் அம்மாவுக்கு அது தெரியவில்லை. “சொல்லிடுவேல்ல?” என்று மறுபடியும் கேட்டாள்.